காட்டு ஏரிக்குக் குடும்பத்தோடு: ஈயக்குட்டையா, ஃப்ரிம்மா?

செலாயாங் மருமகள் கேட்டது:

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காட்டுப் பக்கம் ஏதாவது ஏரிக்குப் போய்வரலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பெரியவர்கள் 5 பேர், பிள்ளைகள் 3 பேர். பிள்ளைகளுக்கு வயது 4, 7, 11. அத்தைக்கு 68 வயது, முட்டிவலி. சமதரையில் கால் மணி நேரம் மெதுவாக நடப்பார், படிக்கட்டு என்றால் முடியாது. செலாயாங்கிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

கொழுந்தனார் காட்டோரம் இருக்கும் பழைய ஈயக்குட்டை ஒன்றைச் சொல்கிறார். தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கிறதாம், கரையெல்லாம் வெள்ளை மணலாம், டிக்கெட் கிடையாது, பிள்ளைகள் ஓரமாக இறங்கி விளையாடலாம் என்கிறார். கணவர் கெப்போங்கில் இருக்கும் ஃப்ரிம் (FRIM), அதாவது வன ஆராய்ச்சிக் கழகத்துக் காடு போதும் என்கிறார். பிள்ளைகளுக்குக் கையில் மாட்டும் காற்று மிதவையும், ஒரு பெரிய வாத்து மிதவையும் வாங்கி வைத்தாயிற்று.

எந்த இடம் நல்லது? அந்த மிதவைகள் போதுமா? அட்டைக்கும் குரங்குக்கும் என்ன செய்வது? சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொள்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

கரையோரம் எழுதியது:

தங்கச்சி, ஈயக்குட்டை வேண்டாம். கொழுந்தனாரிடம் காரணத்தோடு சொன்னால் அவரும் ஒத்துக்கொள்வார்.

அது ஏரி மாதிரி தெரிந்தாலும் ஏரி அல்ல, தோண்டிய குழி. அந்தக் காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை இடித்து, கரைந்த சேற்றை கிராவல் பம்பு வைத்து பாலோங் என்ற நீளமான சாய்வு வாய்க்கால் மேலே ஏற்றி வெள்ளீயம் பிரித்தார்கள். ஈயம் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவு ஆழத்துக்கு வெட்டிக்கொண்டே போனார்கள். வேலை நின்றதும் மழைத்தண்ணீர் நிரம்பியது. அதனால் இயற்கை ஏரிக்கு இருக்கிற சாய்வான கரை அங்கே இருக்காது. முதல் இரண்டு எட்டு முழங்கால் தண்ணீர், மூன்றாவது எட்டில் நிலைக்காது. பெரியவருக்கே தலைக்கு மேல் போய்விடும்.

வெள்ளை மணல் என்று சொன்னீர்களே, பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஈயம் எடுத்தபிறகு கொட்டிய கழிவு மணல் அது. வேர்ப்பிடிப்பு இல்லாதது. தண்ணீருக்குக் கீழே அந்த மணல் தளர்ந்து நிற்கும், அதற்கும் கீழே பசை மாதிரி களிமண். கால் வைத்தால் கரை சரிந்து ஆளோடு உள்ளே போகும். வழுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கப் போகும் தகப்பனும் ஏறி வர முடியாமல் போவது இதனால்தான். மேலே ஏற ஏற மணல் காலுக்கடியில் ஓடும், பிடித்துக்கொள்ளப் புல்லும் இருக்காது, வேரும் இருக்காது. தண்ணீர் தெளிந்திருக்கிறதே என்று நம்பக் கூடாது. தெளிவு ஆழத்தைக் காட்டாது, குறைத்துத்தான் காட்டும்.

இடம் புதிதாக இருந்தால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: கரை கத்தியால் வெட்டியது போல் செங்குத்தாக இருக்கும். ஓரத்தில் கோரைப்புல்லோ தாமரையோ இருக்காது. உள்ளே வரும் ஓடையும் வெளியே போகும் ஓடையும் கண்ணில் படாது. மூன்றும் சேர்ந்திருந்தால் பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்காமல் திரும்பிவிடுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதுதான் சரி. கெப்போங் ஃப்ரிம் செலாயாங்கிலிருந்து பக்கம். ஏரிக்குப் பக்கத்திலேயே தார்ச்சாலை இருப்பதால் அத்தைக்கு ஏற்றம் இறக்கம் இல்லை. அங்கே ஏரி பார்ப்பதற்கும் பக்கத்தில் உட்காருவதற்கும்தான், இறங்குவதற்கு அல்ல. அந்த நிலமும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டியதுதான். 1920களில் தொடங்கி மரம் நட்டு வளர்த்த காடு, 2025-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தோண்டிப்போட்ட நிலம் நூறு வருடத்தில் என்ன ஆகலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு நேரிலேயே காட்டலாம்.

ஷா ஆலம் தாவரவியல் பூங்காவிலும், அதாவது பழைய புக்கிட் சாயா செரி ஆலாமில், காட்டுக்குள் நீர்த்தேக்கங்கள் உண்டு. 11 வயதுப் பிள்ளைக்கு வாடகைச் சைக்கிளில் சுற்ற அருமையான இடம். ஆனால் சொந்தக் காரை உள்ளே ஓட்ட முடியாது, தூரமும் அதிகம். அத்தை இல்லாத ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் நேரமும் கட்டணமும் மாறும், முந்தின நாள் அவர்கள் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

*

மிதவைக்காரர் எழுதியது:

மேலே சொன்னதோடு மிதவையைப் பற்றி. சகோதரி, இந்தத் தடவை தண்ணீரில் இறங்காவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பள்ளி விடுமுறைக்கு எங்காவது இறங்கத்தானே போகிறீர்கள்.

கை மிதவையும் வாத்தும் விளையாட்டுச் சாமான், உயிர்காப்புச் சாமான் அல்ல. கை மிதவை ஈரத்தில் வழுக்கிக் கழன்றுவிடும். பிள்ளை கையைத் தலைக்கு மேல் தூக்கினால் போதும், உருவிக்கொண்டு வந்துவிடும். வாத்துக்கு இன்னொரு குறை உண்டு. தண்ணீருக்கு மேல் அது கப்பல் பாய் விரித்தது போல் நிற்பதால் லேசான காற்றே நடு ஏரிக்குத் தள்ளிவிடும். காற்றை எதிர்த்து அதைக் கையால் துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவர 7 வயதுப் பிள்ளையால் ஆகாது.

வாங்க வேண்டியது உயிர்காப்பு அங்கி. உள்ளே இருக்கும் அட்டையில், எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதற்கு 50 அல்லது 100 (நியூட்டன்) என்று எண் இருக்கும். 50 நீந்தத் தெரிந்தவருக்கு. 100 என்பதில் கழுத்துக்குப் பின்னால் பட்டை இருக்கும், அமைதியான தண்ணீரில் முகம் மேலே பார்க்க மிதக்கவைக்கும்படி செய்தது. நீந்தத் தெரியாத 4 வயதுக்கும் 7 வயதுக்கும் 100. வயதைப் பார்த்து வாங்காதீர்கள், அட்டையில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். 'வளர்ந்தாலும் போடலாம்' என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

கடையிலேயே சரிபார்க்கலாம். எல்லா வாரையும் பூட்டி, இழுத்து இறுக்குங்கள். பிள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லி, அங்கியின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி தாடைக்கு மேல், காது வரை ஏறி வந்தால் அது பெரிது. தண்ணீரிலும் அப்படியே ஏறி, பிள்ளை கீழே நழுவும். சின்னப் பிள்ளை அங்கிக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் வார் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

அடுத்தது கண்காணிப்பு. மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கூப்பிடும் என்று நினைக்கிறோம். கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், மூச்சு எடுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டு, ஏணி ஏறுவது போல் அசையும். 20 முதல் 60 வினாடிக்குள் உள்ளே போய்விடும். 5 பெரியவர்கள் இருக்கிறீர்கள், அதனால்தான் ஆபத்து: ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு சிவப்புத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். துண்டு யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் 15 நிமிடம் பிள்ளைகளைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது, கைப்பேசி கூடாது, பேச்சும் கூடாது. முறை மாறும்போது 'மூன்று பேரும் இருக்காங்க, இனி நீங்க' என்று சொல்லித் துண்டை அடுத்தவர் கழுத்தில் போட வேண்டும். தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருந்தாலும் இது உண்டு. 4 வயதுப் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

காரில் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் தண்ணீர் போத்தல் காலியானதை எடுத்து, ஒரு குவளை தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி மூடுங்கள். பிடியில் 15 மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். கயிறு நைலானாக இல்லாமல் மிதக்கும் வகையாக இருக்கட்டும். காலி போத்தலை வீசினால் காற்றில் திரும்பி வரும், அந்த ஒரு குவளை தண்ணீர்தான் அதைத் தூரம் கொண்டுபோகும். யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள். கரையில் படுத்து கம்போ துண்டோ நீட்டுங்கள், எட்டாவிட்டால் போத்தலை அவர் தலையைத் தாண்டி வீசி, கயிறு அவர் தோளில் படும்படி இழுங்கள்.

வெளியே எடுத்தபிறகு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்கக் கூடாது. ஒருவர் 999 கூப்பிடட்டும். இன்னொருவர் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 தடவை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், அதன்பின் 2 மூச்சு, இப்படியே மாற்றி மாற்றி. மூழ்கியவருக்குக் குறைவது காற்று, அதனால்தான் மூச்சு முதலில்.

*

அட்டைக்கு அஞ்சாதவள் எழுதியது:

அட்டை, குரங்கு கேள்விக்கு நான் சொல்கிறேன் மா.

ஏரிக்கரையில் தார்ச்சாலைப் பக்கம் உட்கார்ந்தால் அட்டை அவ்வளவாக இருக்காது. மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதைக்குள் போனால்தான் ஏறும். பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை, காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்துவிடுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் புகையிலை ஊறின தண்ணீரைக் காலில் தடவுவது உண்டு, பிள்ளைகளுக்கு அது வேண்டாம், நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே போகும்.

கடித்துவிட்டால் உப்பு, தீக்குச்சி, மருந்தெண்ணெய் எதுவும் போடாதீர்கள். எரிச்சலில் அட்டை வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கும், புண் சீழ்ப் பிடிக்கும். உற்றுப் பாருங்கள், இரண்டு முனையும் ஒட்டியிருக்கும், மெல்லிய முனைதான் வாய். அந்தப் பக்கம் தோலோடு ஒட்டி விரல் நகத்தை வைத்து, பக்கவாட்டில் தள்ளுங்கள். வாய் விட்டதும் தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூடக் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். அத்தை இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் காட்டுப்பாதைக்குள் கூட்டிப் போகவே வேண்டாம்.

கொசுவுக்கு டீட் 20 முதல் 30 விழுக்காடு உள்ளது போதும். முதலில் வெயில் கிரீம், அது காய்ந்தபிறகு கொசு மருந்து. 4 வயதுப் பிள்ளைக்கு உங்கள் கையில் ஊற்றித் தடவுங்கள். அதன் உள்ளங்கையில் மட்டும் தடவாதீர்கள், நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும்.

குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். உள்ளே துணி இருந்தாலும் பிடுங்கும். எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பையிலோ மூடி இறுகும் பெட்டியிலோ வையுங்கள். பிள்ளைகள் கையில் ரொட்டியோ கச்சானோ வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. குரங்கு கிட்டே வந்தால் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. முதுகு காட்டி ஓடவும் கூடாது. பிள்ளையைப் பின்னால் விட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். பிடுங்கியதைத் திரும்ப இழுக்காதீர்கள், கடிப்பது அப்போதுதான். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே விசிறி வீசி விரட்டுகிறவர்களைவிட, சாப்பாடு போட்டுப் பழக்கிவிடுகிறவர்களால்தான் பிள்ளைகள் கடிபடுகிறார்கள். தயவுசெய்து யாரும் போடாதீர்கள்.

பாய் விரிக்குமுன் மரத்தை அண்ணாந்து பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்தது போல் உருண்டை தெரிந்தால் முசுறுக் கூடு, வேறு இடம் போங்கள். காய்ந்த கிளைக்கு அடியிலும் உட்கார வேண்டாம், காற்றே இல்லாத நாளிலும் விழும்.

*

செலாயாங் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கரையோரம் அண்ணன் எழுதியதைக் கொழுந்தனாரிடம் வாசித்துக் காட்டினேன், ஃப்ரிம் என்று முடிவாகிவிட்டது. வாத்து வீட்டிலேயே இருக்கட்டும். இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குக் கிளம்புவது? சாப்பாடு என்ன கட்டுவது? தண்ணீரில் இறங்காவிட்டால் பெரியவன் சலித்துக்கொள்வான், அவனுக்கு ஏதாவது வேலை சொல்லுங்கள்.

*

புளிசாதம் எழுதியது:

காலை 8 மணிக்கு அங்கே இருங்கள், பகல் 1 மணிக்குக் கார் கிளம்ப வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் இன்னும் அதிகம். முந்தின இரவு மைசுவாச்சா (myCuaca) வானிலைச் செயலியில் பாருங்கள். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காருக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். திறந்த கொட்டகையும் பெரிய மரமும் மழைக்குத்தான் ஒதுங்குமிடம், மின்னலுக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே இறங்கலாம்.

கடை நாசி லெமாக் விடியற்காலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. சமைத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். வாங்கினால் காலை உணவாக 9 மணிக்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்கு வைக்காதீர்கள். மதியத்துக்குப் புளிசாதம்தான். 8 பேருக்கு அரிசி 5 பால்டின் குவளை. சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி விட்டு, விசிறி வைத்து நன்றாக ஆறவிட்டபிறகு புளிக்காய்ச்சலைக் கலக்குங்கள். சூடாகப் பெட்டியில் அடைத்தால் ஆவி வேர்த்து சாதம் ஊசிப்போகும். புளிசாதத்தையே கெடுப்பது இந்த அவசரம்தான். தொட்டுக்கொள்ளப் பொரித்த நெத்திலி, அப்பளம். சம்பல் வேண்டுமென்றால் வெங்காயம் நன்றாகச் சுண்டி எண்ணெய் பிரிந்ததாக இருக்கட்டும். தயிர்ச்சாதம், தேங்காய்ச் சட்னி, முட்டை மயோனீஸ் சாண்ட்விச் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர். அதில் மூன்று போத்தலை முந்தின இரவே முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்துவிடுங்கள். ஐஸ் பெட்டிக்குள் அதுவே ஐஸ், உருகினால் குடிதண்ணீர். அத்தைக்கு தாழ்வான முகாம் நாற்காலி வேண்டாம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி உயரம் சரியானது. நாலு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தால் ஈர மண்ணில் இறங்காது. குப்பைப் பை இரண்டு கொண்டுபோங்கள், திரும்பக் காரிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

*

கரையோரம் எழுதியது:

பெரியவனுக்கு வேலை கேட்டீர்களே. ஃப்ரிம்மில் காப்பூர் மரம் இருக்கிறது. அடியில் போய் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்து உச்சியைத் தொடாது. இலைக்கூட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடாக வானம் தெரியும், மேலே இருந்து வரைபடம் பார்ப்பது போல இருக்கும். கீழே விழுந்த பச்சை இலை ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தால் கற்பூர வாடை வரும். அந்தக் காலத்தில் இந்த இன மரத்திலிருந்தும் கற்பூரம் எடுத்தார்கள். காப்பூர் என்ற பேரும் கற்பூரம் என்ற பேரும் ஒன்றே. அத்தையிடம் அந்த இலையைக் கொடுக்கச் சொல்லுங்கள், சாமியறை வாசம் அவருக்கு உடனே தெரியும்.

ஏரிப் பக்கம் அவன் குனிந்து பார்க்க ஆசைப்படுவான். தட்டான்பூச்சி, தண்ணீர் மேல் ஓடும் பூச்சி, வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் காலை 10 மணிக்குள் நன்றாகத் தெரியும். உடும்பு வந்தால் வழியை விட்டுவிடச் சொல்லுங்கள், அது மீன் வாடைக்குத்தான் வரும்.

*

மிதவைக்காரர் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. கையிலோ காலிலோ சிராய்ப்பு இருக்கும் பிள்ளை ஏரித் தண்ணீரையோ சேற்றையோ தொட்டால், எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி புண் வழியாகப் போகலாம். நம்மூரில் கென்சிங் திக்குஸ் என்று சொல்வது அதுதான். கிளம்புமுன் புண்ணுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போடுங்கள், சாப்பிடுமுன் வீட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு என்று வந்தால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: இந்தத் தேதியில் ஏரிக்குப் போனோம் என்று. சொல்லாவிட்டால் டெங்கி என்று மட்டும் நினைத்துச் சோதிப்பார்கள், நாள் வீணாகும்.